உதவிக்கு இந்த எண்ணை அழைக்கவும்

1

இன்று மாலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு, முதல் அழைப்பு வந்து முப்பத்தெட்டு நாளும் ஐந்து மணி நேரமும் ஆகியிருக்கும். அம்மாவின் நோட்டில் முதல் வரியிலேயே அந்த நேரம் இருக்கிறது: பகல் 12.10. நான் அறிவியல் படித்தவள். கழித்தல் கணக்கில் தவறு செய்ய மாட்டேன். வேறு இடங்களில் செய்வேன். இந்தக் கதை அப்படி ஒரு தவறிலிருந்துதான் வந்தது.

பேருந்தில் காதில் விழுந்த பேச்சிலிருந்தோ கனவிலிருந்தோ கதை கிடைத்ததாக எழுதுகிறவர்கள் சொல்வார்கள். எனக்கு ஒரு ஸ்டிக்கரிலிருந்து கிடைத்தது. மூன்று அங்குல அகலம், இரண்டு அங்குல உயரம், நீல எழுத்து. அதைப் பற்றி ஒருவரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. அதனால் விடுப்பு எடுத்துக்கொண்டு, சுற்றி வளைத்துக் கதையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்து பத்துக்குள் முடித்தாக வேண்டும். ஒரு விஷயத்தைச் சொல்ல எட்டுப் பகுதி தேவைப்படுகிறவள் எப்படிப்பட்டவள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

முதலில் ‘நான்’ என்றுதான் எழுதினேன். இரண்டாவது வரியிலேயே காது சூடாகிவிட்டது. அதனால் இனி ‘அவள்’. அவள் என்னைவிட ஓர் அங்குலம் உயரம். எழுதுகிறவளுக்கு அவ்வளவு சலுகைகூட இல்லாவிட்டால் எப்படி?

2

எழுதி, பாதியில் விட்ட தொடக்கங்கள்:

இணையத் தொழிலில் எதிர்பாராத செலவுகள் எப்போதுமே —

(கட்டுரை மாதிரி ஆகிவிட்டது. அந்தத் தொழிலில் அவளுக்குத் தெரிந்தது ஒரே ஓர் அறை.)

தொலைபேசி ஒலித்தது. மறுமுனையில் மர்மமான ஒரு —

(மர்மம் ஒன்றும் இல்லை. பேசியவர் ஒரு பல் மருத்துவர். பச்சை விளக்கு எரியவில்லை என்றார்.)

அவளுக்கு அம்மாவை மிகவும் பிடிக்கும், ஆனால் —

(அம்மா இதைக் கேட்கப்போகிறாள். ‘ஆனால்’ வேண்டாம்.)

அந்த அறையிலிருந்தே தொடங்குகிறேன்.

3

அறை ஓர் அச்சகத்துக்கு மேலே இருந்தது. மூன்று பேர், நான்கு நாற்காலி. நான்காவது நாற்காலியில் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி உட்கார்ந்திருந்தது. அதைப் பற்றிப் பிறகு.

அங்கே தயாரான பொருளின் பெயர் ‘தொட்டிக் கண்’. மாடித் தண்ணீர்த் தொட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டும் ஒரு வட்டப் பெட்டி. அது கீழே இருக்கும் நீரை நோக்கி ஒலியை அனுப்பும். எதிரொலி திரும்பி வர ஆகும் நேரத்தை வைத்துத் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போட்டு, இணையம் வழியாக வீட்டுக்காரரின் போனுக்குச் சொல்லும். தண்ணீர் குறைந்தால் மோட்டாரை அதுவே போடும், நிறைந்தால் அதுவே அணைக்கும்.

முதலாளி முன்பு பம்புக் கடை வைத்திருந்தவர். கடையை விற்று, அந்தப் பணத்தை அப்படியே இந்த அறைக்குள் கொண்டுவந்தவர். எப்போதும் சந்தோஷமாக இருப்பார். ‘செலவு’ என்ற சொல் காதில் விழுந்தால் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை துடைத்தார். பெட்டிக்குள் இருக்கும் கருவியைவிடப் பெட்டிக்கு விலை அதிகம் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. வாங்கியவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வைப்பது பெட்டியைவிட அதிகம் என்று கொஞ்சமும் எதிர்பார்த்திருக்கவில்லை. கடைசியில் ஒரு கால்சென்டரைப் பிடித்தார். முதல் ஒரு மாதம் இலவசம் என்றார்கள்.

இரண்டாமவர், கருவியின் பாகங்களைப் பற்றவைக்கும் சால்டர் அண்ணன். மூன்றாவது அவள். சோதனை பார்ப்பது, எழுத்துப் பிழை பார்ப்பது, ஸ்டிக்கர் வடிவமைப்பது எல்லாம் அவள் வேலை. அதிகம் பேசமாட்டாள் என்பதால் சால்டர் அண்ணன் அவளுக்கு ‘சைலண்ட்’ என்று பெயர் வைத்திருந்தார்.

“கால்சென்டர் நம்பர் இன்னும் வரல சார்,” என்றாள் அவள். அந்த வாரம் அவள் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான்.

“வரும் வரும். இப்போதைக்கு ஏதாவது பத்து நம்பரப் போட்டு வை. சைபரா போடாத, பாக்க அசிங்கமா இருக்கும். நெசம் மாதிரி இருக்கணும்.”

விரல்கள் தாமாகவே பத்து எண்களைத் தட்டின. பார்க்க நிஜம் மாதிரியே இருந்தது. நிஜம்தான், அம்மாவின் எண். மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அதற்குள் சார்ஜர் ஒயரின் நீளம் என்ன என்று முதலாளி கேட்டார். ஸ்கேலை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் கீழே அச்சகத்தில் நானூறு ஸ்டிக்கர் ஓடியது. சத்தம் தரை வழியாக மேலே வந்து அவளுடைய நாற்காலியை அதிரவைத்தது. அவளுக்கு ஒன்றுமே உறைக்கவில்லை.

4

அம்மா குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் முன்மேசையில் இருபத்தேழு வருடம் டோக்கன் கொடுத்தவள். இந்த வருடம் அவர்கள் டோக்கனை இணையத்துக்கு மாற்றிவிட்டார்கள். அம்மாவுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். அதைச் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டினாள். தினமும் பத்து மணிக்குத் தலைவாரி, புடவை மாற்றி, அதன் கீழே உட்காருவாள். ஐந்து மணிக்கு எழுந்திருப்பாள். இடையில் யாரும் வரமாட்டார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. அவள் மாலையில் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா பாடிக்கொண்டே குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“உங்க ஆபீஸ்லேந்து மொத ஆளு பேசிட்டாருடி.”

“எந்த ஆளு?”

“தொட்டிக் கண்ணு வாங்கினவரு. பல் டாக்டராம். பச்சை விளக்கு எரியலன்னாரு. பிளக்கக் கழட்டி மாட்டுங்கன்னேன். எரிஞ்சிடுச்சு. அதுக்கு ரெண்டு தடவ நன்றி சொல்றாரு, பாவம்.”

அவள் பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். கண் முன்னால் நானூறு ஸ்டிக்கர் வரிசையாக ஓடியது.

“எனக்கு வேலை பாத்து வச்சிருக்கேன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன? திடுதிப்புனு நம்பரப் போட்டு வச்சிருக்க. நான் யாரோன்னு நெனச்சுத் திட்டப் பாத்தேன்.”

“அது வந்து அம்மா —”

“சரி சரி, வழியாத. நாளைக்கு நோட்டு வாங்கிட்டு வா, அஞ்சு. கோடு போட்டது.”

மறுநாள் அவள் ஐந்து நோட்டு வாங்கி வந்தாள்.

[எழுதுகிறவளின் சந்தேகம்: அம்மா இந்தக் கதையில் அளவுக்கு மீறி நல்லவளாக வருகிறாள். யாரும் நம்பமாட்டார்கள். சில குறைகளைச் சேர்க்கிறேன். அம்மா யாருடைய பேச்சையும் முழுதாகக் கேட்கமாட்டாள். போனை வைக்கத் தெரியாது. அறிவுரை கேட்காதவர்களுக்கும் கொடுப்பாள். சாட்சி கீழே.]

“தம்பி, தொட்டியக் கழுவி எத்தன மாசம் ஆச்சு? ... வருஷமா? அப்ப செவப்பு விளக்கு எரியாம என்ன செய்யும், அதுக்கே கூச்சமா இருக்கும்ல. மொதல்ல தொட்டியக் கழுவுங்க, அப்புறம் நம்ம கண்ணப் பாப்போம். ... சிரிக்காதீங்க, அதுலதான பல்லு தேய்க்கிறீங்க?”

செவ்வாய்க்கிழமைதோறும் ஓர் அம்மாள் அழைத்தார். அவருடைய கருவியில் ஒரு கோளாறும் இல்லை. வீட்டுக்காரர் சாப்பிடும்போதுகூட தண்ணீர்த் தொட்டியைப் பற்றியே பேசுகிறார் என்பதுதான் புகார். அதையும் அம்மா நோட்டில் எழுதினாள். பிரச்சினை: கணவர். தீர்வு: காதுகொடுக்க வேண்டாம்.

அவள் அன்றே சொல்லியிருக்க வேண்டும். மறுநாளாவது. ஆனால் அம்மா மறுபடி பத்து மணிக்குத் தலைவாரிக்கொண்டாள், இந்த முறை காரணத்தோடு. அப்போது போய் ‘யாரும் உன்னை வேலைக்கு எடுக்கவில்லை’ என்று எப்படிச்

(இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும். அவளும் இங்கேதான் நின்றாள்.)

5

வாரா வாரம் கால்சென்டரிலிருந்து அறிக்கை வந்தது. வந்த அழைப்புகள்: 0. தீராத புகார்கள்: 0. முதலாளி அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார்.

“பாத்தியா சைலண்ட்? ஒரு போன்கூட வரல. அவ்ளோ சுத்தமா செஞ்சிருக்கோம்.”

“இல்ல, வாங்கினவங்க எல்லாம் ஊரக் காலி பண்ணிட்டாங்களோ என்னமோ,” என்றார் சால்டர் அண்ணன்.

அவள் வாளியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் அழைப்பு வந்து இருபத்து மூன்று நாள் ஆகியிருந்த ஞாயிற்றுக்கிழமை அது. மறுநாள் முதலாளி இரண்டு தாள்களில் கையெழுத்துப் போடுவதாக இருந்தார். ஒன்று, கால்சென்டருக்கு ஒரு வருட ஒப்பந்தம். மற்றது, இரண்டாயிரம் கருவிக்கு ஆர்டர். பம்புக் கடையை விற்றதில் மிச்சமிருந்தது முழுவதும் அந்த இரண்டாவது தாளில்தான் இருந்தது. அம்மா குளிக்கப் போயிருந்தபோது அவள் நோட்டைப் புரட்டினாள். தொண்ணூற்று நான்கு அழைப்புகள். அதில் ஐம்பத்தொன்று ஒரே புகார்: காலை ஏழு மணிக்குத் தொட்டி ‘நிறைந்தது’ என்கிறது, குழாயில் காற்று வருகிறது, மோட்டார் ஓடமாட்டேன் என்கிறது. ஐம்பத்தொன்றுக்கும் தீர்வு ஒன்றேதான்: துடை, சோப்புத் தடவு.

அம்மா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள்.

“அதுவா? மூடிக்கு அடியில வேர்க்குதுடி. அந்தத் தண்ணி கண்ணுல போய் ஒட்டிக்குது. உலை வைக்கும்போது என் மூக்குக் கண்ணாடி மறைக்கும் பாரு, அதே கத. பாத்திரம் கழுவுற சோப்ப லேசாத் தடவி, காஞ்ச துணியால துடைச்சுட்டா அப்புறம் வேர்க்காது. நான் எத்தன வருஷமா பண்றேன்.”

அவள் உட்கார்ந்துவிட்டாள். ஒரு சொட்டு நீர் கண்ணின்மீது ஒட்டினால், ஒலி அந்தச் சொட்டில் பட்டு உடனே திரும்பும். தண்ணீர் மூக்குவரை வந்துவிட்டது என்று கருவி நம்பிவிடும். இது இயற்பியல். அவளிடம் அதில் ஒரு பட்டம் இருக்கிறது. ஆறு வாரம் அந்த நீல வாளியில் காலை, பகல், மாலை என்று சோதித்தவள் அவள்தான். ஒரு முறைகூட தவறு வரவில்லை.

வாளிக்கு மூடி கிடையாது.

6

இந்தப் பகுதியை இரண்டு விதமாக எழுதினேன். முதலாவதில் அவள் எழுந்து நின்று கணீரென்று பேசுகிறாள். படித்துப் பார்த்தேன், வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன். நடந்தது இது.

திங்கட்கிழமை பதினொரு மணி. கால்சென்டர் அதிகாரி டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவருக்கு இடம் கொடுப்பதற்காக வாளியைத் தரையில் இறக்கிவைத்தார்கள். முதலாளி பேனா மூடியைக் கழற்றினார்.

“சார்,” என்றாள் அவள். யாருக்கும் கேட்கவில்லை. “சார்.” மின்விசிறிக்குத்தான் கேட்டிருக்கும்.

“சார், சைலண்ட் எந்திரிச்சு நிக்குது,” என்றார் சால்டர் அண்ணன். “ஏதோ பெரிய விஷயம்போல.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு கருவிப் பெட்டியை எடுத்து முதலாளி முன்னால் தள்ளி, ஸ்டிக்கரைத் தொட்டுக் காட்டினாள். “இந்த நம்பருக்கு ஒரு தடவ பேசிப் பாருங்க சார். கையெழுத்துக்கு முன்னாடி.”

“பேசலாமே,” என்று முதலாளி உற்சாகமாக ஸ்பீக்கரில் போட்டார். இரண்டாவது மணியிலேயே எடுக்கப்பட்டது.

“வணக்கம், தொட்டிக் கண். சொல்லுங்க.”

முதலாளி அதிகாரியைப் பார்த்துத் தலையாட்டினார். “எவ்ளோ மரியாதையா எடுக்கறாங்க பாருங்க. நல்லாப் பழக்கியிருக்கீங்க.”

“சார்,” என்றார் அதிகாரி, “அது எங்க நம்பரே இல்லையே.”

“யாருங்க பேசறது?” என்றாள் அம்மா. “காலையில நிறைஞ்சதுன்னு காட்டுதா? பதறாதீங்க, மூடியத் தெறந்து —”

“நீங்க யாரும்மா?”

“நான் தொட்டிக் கண்ணு கஸ்டமர் கேர். நீங்க?”

“நான் அந்தக் கம்பெனி முதலாளி.”

சொல்லிவிட்டு முதலாளி இருமினார். பிறகு அம்மாவின் குரல் இன்னும் கனிவாக வந்தது. “ஓ, நீங்களா? செவ்வாக்கிழம போன்ல ஒரு அம்மாவுக்குப் பின்னாடி கேட்ட அதே இருமல். உங்க வீட்டம்மா தங்கமானவங்க. சாப்பிடுற நேரத்துலயாவது தொட்டியப் பத்திப் பேசாம இருங்க சார்.”

சால்டர் அண்ணன் மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. முதலாளி அழைப்பைத் துண்டித்தார்.

“சார், அது எங்க அம்மா,” என்றாள் அவள். ஒரு வாக்கியம் வந்ததும் மற்றவையும் பின்னாலேயே வந்தன. மாற்ற மறந்த பத்து எண், ஐம்பத்தொரு புகார், சொட்டு, சோப்பு, வாளி. தொடர்ந்து நான்கு நிமிடம் பேசினாள். சால்டர் அண்ணன் தன் சாப்பாட்டுத் தட்டின் அடியில் கருவியை ஒட்டினார். வாளியில் கால்வாசி வெந்நீர் ஊற்றி, தட்டால் மூடினார். கொஞ்ச நேரத்தில் முதலாளியின் போன் சிணுங்கியது. தொட்டி நிறைந்தது.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

“ரெண்டாயிரம்,” என்றார் மெதுவாக. “ரெண்டாயிரம் வீட்டுல குழாயில காத்து வந்திருக்கும்.” பேனாவை மூடினார். “உங்க அம்மா எவ்ளோ சம்பளம் கேப்பாங்க?”

கால்சென்டர் அதிகாரி ஒப்பந்தத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது தன் வீட்டுக்கு ஒரு தொட்டிக் கண் வாங்கிப் போனார்.

7

கதை இங்கே முடிந்திருக்கலாம். புதுக் கருவிக்குச் சொட்டு ஒட்டாத பூச்சு வந்துவிட்டது. அம்மாவுக்குச் சம்பளம் வந்துவிட்டது, ஹெட்போன் வந்துவிட்டது. ஆனால் அன்று மதியமே முதலாளி போனில் பேசி அம்மாவை வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தார்; மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது அம்மா என்ன சொன்னாள் தெரியுமா?

“எனக்கு வேலை குடுக்கணும்னு முதலாளியவே ஏமாத்திட்டியே, கள்ளி. மொதல்ல நான் செஞ்சு காட்டணும், அப்புறம் அவரு எடுக்கணும், அப்படித்தான திட்டம்? உன் மூளைக்கு நீ இன்னும் பெரிய ஆளா வந்திருக்கணும்.”

முதலாளியிடம் நான்கு நிமிடம் பேசியவள் அம்மாவிடம் ஒரு நொடிகூட பேசவில்லை. அப்படியே பதினான்கு நாள் ஓடிவிட்டது. இதற்குள் அம்மா பழைய மருத்துவமனைத் தோழிகள் ஆறு பேரிடம் சொல்லிவிட்டாள். என் பொண்ணு என்னை நினைத்துப் பார்த்துச் செய்தாள் என்று.

இன்று காலை முதலாளி போன் செய்தார். குரலில் மன்னிப்பு இருந்தது. “நேத்து வீட்டுல எல்லாத்தையும் சொல்லிட்டேன்மா, நீ மறந்தது உட்பட. சாப்பிடும்போது தொட்டியப் பத்திப் பேசக் கூடாதுன்னுட்டாங்க. வேற என்ன பேசுறதுன்னு தெரியல.”

நாளை செவ்வாய்க்கிழமை. முதலாளியின் மனைவி பேசும் நாள். அதற்குள் அவளே சொல்லியாக வேண்டும். சொன்னால் என்ன ஆகும்? முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

(அ) அம்மா சிரிக்கிறாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வருகிறது. அந்த நீர் சிரிப்பால் வந்ததா என்று எழுதுகிறவளுக்கே தெரியவில்லை.

(ஆ) அம்மா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கடிகாரத்தின் கீழே போய் உட்காருகிறாள். ஆறு தோழிகளிடமும் இனி என்ன சொல்வது என்று கேட்கிறாள்.

(இ) அம்மாவுக்கு முதலிலிருந்தே தெரியும். இது கதை எழுதுகிறவர்களுக்கு வசதியான முடிவு, யாரும் எதையும் சொல்லத் தேவையில்லை. ஆனால் செல்லாது. என் அம்மாவுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் ஐந்து நிமிடத்துக்குமேல் உள்ளே தங்காது.

(‘என் அம்மா’ என்று எழுதிவிட்டேன். அடிக்காமல் விடுகிறேன். இனி ‘அவள்’ தேவைப்படாது.)

8

ஐந்து மணிக்கு அம்மா கடைசி அழைப்பை முடித்தாள். ஹெட்போன் கழுத்தில் தொங்க, எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“காலையிலேந்து என்னத்த எழுதுற? கம்பெனி விஷயமா?”

“கதை.”

“படி. காது சும்மாதான் இருக்கு.”

மணி ஐந்து பத்து. நான் படிக்கத் தொடங்கினேன், பகுதி எண்களையும் சேர்த்து. ஒன்று. ஓர் அங்குலம் உயரம் என்ற இடத்தில் அம்மா, “பொய்,” என்றாள். ஒருவரிடம் ஒரு விஷயம் என்ற இடத்தில், “யாருகிட்ட?” என்றாள். “வரும்மா,” என்றேன். இரண்டு. பல் மருத்துவர் வந்ததும் அம்மாவின் முகம் மலர்ந்தது. “அவர விடாத, இன்னும் ரெண்டு வரி எழுது.”

மூன்றாம் பகுதியின் தாளைப் பார்த்தேன். நடுவில் அந்தப் பத்து எண்களைத் தட்டிய கதை இருந்தது. அந்தத் தாளை மற்றவற்றுக்கு அடியில் செருகினேன்.

“நான்கு,” என்று படித்தேன். “அம்மா குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் முன்மேசையில் —”

“நில்லு,” என்றாள் அம்மா. “ரெண்டுக்கு அப்புறம் நாலா? மூணு எங்க?”

“அது... சரியா வரல.”

“இருபத்தேழு வருஷம் டோக்கன் குடுத்தவகிட்ட நம்பரத் தாண்டுறியா? மூணாம் நம்பர்க்காரங்க வெளியில காத்துட்டு இருப்பாங்கடி. கூப்பிடு.”

நான் தாள்களைக் கவிழ்த்து வைத்தேன். அம்மா ஹெட்போனைக் கழுத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அழைக்கிறவர்கள் முக்கியமான இடத்துக்கு வரும்போது அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பாள். அதே மாதிரி காத்திருந்தாள்.

இதற்குப் பின் அம்மா சொன்னதை நான் எழுதப்போவதில்லை. மேலே மூன்று முடிவுகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று செல்லாது. நான்காவது ஒன்று உங்களிடம் இருக்கலாம். அம்மாவை இவ்வளவு நேரம் பார்த்துவிட்டீர்கள், உங்களுக்கே தெரியும். என் பங்குக்கு, முப்பத்தெட்டு நாள் சொல்லாமல் இருந்ததை வாய்விட்டுச் சொன்னது வரைக்கும் எழுதுகிறேன்.

“அம்மா, உனக்கு வேலை வேணும்னு யோசிச்சு நான் அந்த நம்பரப் போடல. ஏதாவது பத்து நம்பர் போடுன்னாங்க, எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். போட்டேன். மாத்த மறந்துட்டேன்.”